குழந்தையிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தன் தாய்க்குப் பரிசு கொடுக்கிறது. ஊசியும் நூலும் வைத்துக்கொள்ளக் கடதாசியை மடித்து, வெட்டி, ஒட்டிச் செய்த ஓர் உறை. கடதாசி தகப்பன் வாங்கிக் கொடுத்தது. பசை பாடசாலையினுடையது. கத்தரிக்கோல் தாயினுடையது, அதைக்கூட அவளிடம் கேளாமல்தான் எடுத்திருக்கிறது. செய்யும் விதத்தைக் காட்டிக் கொடுத்தவர் ஆசிரியர். அப்படியானால் அந்தப் பிள்ளை கொடுத்தது எதை?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். சட்டம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஷாபிஈ மத்ஹபில் ஹிபா, அதாவது நன்கொடை, செல்லுபடியாக வேண்டுமானால் கொடுப்பவர் தன் சொத்தைத் தன்னிச்சையாகக் கையாளும் தகுதியுடையவராக இருக்க வேண்டும். பருவமடையாத பிள்ளைக்கு அந்தத் தகுதி இல்லை. பிள்ளைக்குச் சொந்தமான பொருளை அதன் சார்பில் வலீகூட இனாமாகக் கொடுத்துவிட முடியாது. பிள்ளையை ஏமாற்றுவோரிடமிருந்து பாதுகாக்க வந்த விதி இது. அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அந்த விதி பொருளைப் பற்றியது. பொருள் எதுவுமே தன்னுடையதாக இல்லாத ஒருவர் கொடுக்க ஆசைப்படும்போது நடப்பது என்ன என்பது அந்த விதிக்கு வெளியே மிஞ்சி நிற்கிறது.

நமது வீடுகளில் இந்தக் கேள்வி அதிகம் எழுவதில்லை. பெருநாளில் கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் சிறியவர். உம்மம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து வரும் பெருநாள் காசுக்குப் பதிலாகப் பேரன் எதையாவது செய்து கொடுக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது நத்தார். 2009 முதல் 2014 வரை கிழக்குக் கரையோரத்தில், கத்தோலிக்கப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படித்த ஒரு சிறிய பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் கற்பித்தேன். நவம்பர் பிறந்தால் ஒளிவிழா ஆயத்தம். பாலன் குடிலுக்கு வைக்கோல் வரும், கரோல் பாட்டுக்கு ஹார்மோனியம் வரும், அதற்கிடையில் பிள்ளைகள் வீட்டாருக்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கிருந்த ஒரே முஸ்லிம் ஆசிரியர் நான். நத்தார்ப் பாட்டுத் தெரியாதவரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் பிரொபெலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தாயை ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே இழந்த அந்த ஜேர்மானியர் 1837இல் பாட் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். பரீட்சைக்காக நாங்கள் மனனம் செய்த விடயம் ஒன்று உண்டு: அவருடைய சாதனங்கள் ‘கொடைகள்’, ‘தொழில்கள்’ என இருவகைப்படும். கம்பளி நூலால் ஆன பந்து முதற் கொடை. மரத்தாலான கோளம், கனவுரு, உருளை இரண்டாவது. தொழில்கள் என்பவை கடதாசி மடித்தல், துளையிடல், அட்டையில் தைத்தல், கடதாசிக் கீலங்களைப் பின்னல். இந்தப் பின்னலைப் படத்தில் பார்த்த எங்கள் வகுப்பினர் அனைவரும் ஒரே குரலில் “இது பாய் இழைக்கிறதல்லவா” என்றோம். பன்பாய் இழைக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஜேர்மனி வரை போக வேண்டியிருக்கவில்லை.

பரீட்சைக்கு மனனம் செய்தபோது நான் கவனிக்காதது அந்தப் பெயர்களின் ஒழுங்கு. பிள்ளைக்கு முதலில் ஒன்று கொடுக்கப்படுகிறது. அதனாலேயே அது கொடை. பிறகு பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்கிறது. செய்தது எங்கே போகிறது? பிரொபெலின் வழிவந்த கிண்டர்கார்டன்களில், குறிப்பாக அமெரிக்காவில், அது நத்தாருக்குத் தாய் தகப்பனிடம் போயிற்று. வாரக்கணக்கில் பின்னியதும் தைத்ததும் அந்த ஒரு நாளுக்காகவே சேர்த்து வைக்கப்பட்டன. வாங்கத் தெரிந்த பிள்ளைக்குக் கொடுக்கவும் தெரிய வேண்டும், அதை உபதேசத்தால் அல்லாமல் விரலால் பழக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. சகோதரரின் மகன் கார்ல் பிரொபெலின் எழுத்துக்களையும் இவருடையதையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டார்கள் என்பார்கள். 1860இல் தடை நீங்கியபோது கிழவர் இறந்து எட்டு வருடங்கள்.

அந்த எண்ணத்துக்கு எதிர்ப்பும் வந்தது. 1890களில் அமெரிக்காவில் ஸ்டான்லி ஹோல் போன்றவர்கள் சிறு பிள்ளையின் விரலுக்கு இந்த நுண்வேலை ஆகாது என்றார்கள். பற்றி ஸ்மித் ஹில் என்ற ஆசிரியை தன் வகுப்பில் இந்த முறையைத் தளர்த்தி, பிள்ளை தானே எண்ணிச் செய்ய இடம் கொடுத்தார். (இன்று உலகமெல்லாம் பாடும் பிறந்தநாட் பாட்டின் மெட்டு இவரும் தமக்கை மில்ட்ரெட்டும் 1893இல் வெளியிட்ட ஒரு வகுப்பறைப் பாட்டினுடையது.) சண்டை மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணையும் விரலையும் பற்றியது. உள்ளே வேறொன்று இருந்தது. ஆசிரியை கோடு போட்டுத் துளையிட்டுக் கொடுத்த அட்டையில் பிள்ளை நூலை மட்டும் ஓட்டினால், நத்தாரன்று தாயிடம் போவது பிள்ளையின் பரிசா, ஆசிரியையின் பரிசா?

இதற்கு விடை தேடும்போது அந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையெல்லாம் செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். பேனாவின் மை துடைக்கத் துணி அடுக்கு. ஊசிகள் குத்திவைக்கக் கம்பளித் தாள்கள் கொண்ட சிறு புத்தகம். சவரக் கத்தியைத் துடைக்கும் கடதாசிகளுக்கு ஓர் உறை. தீக்குச்சி உரசுவதற்கு அரத்தாள் ஒட்டிய அட்டை. நியூயோர்க்கில் 1873இல் தொடங்கிய ‘சென்ற் நிக்கலஸ்’ என்ற சிறுவர் சஞ்சிகை இவ்வகைச் சாமான்களுக்குச் செய்முறை எழுதிற்று. இவற்றில் ஒன்றுகூட அழகு பார்க்க வைப்பதல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கையின் அன்றாட வேலையைச் சுற்றியது. தகப்பன் எதனால் சவரம் செய்கிறார், பிறகு கத்தியை எதில் துடைக்கிறார் என்று தெரியாத பிள்ளை அந்த உறையைச் செய்ய முடியாது. 1868இல் வந்த லூயிஸா மே அல்கொட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலில் பெத் என்ற சிறுமி தாய்க்கான கைக்குட்டைகளில் பெயரெழுத்துகளுக்குப் பதிலாக ‘அம்மா’ என்று தைத்துவிடுவாள். ஒரு சகோதரி சிரிப்பாள். பெத்துக்கு ஒரு காரணம் இருக்கும்: மூத்தவளின் பெயரெழுத்துகளும் தாயினுடையவையும் ஒன்றுதான், இவற்றைத் தாயைத் தவிர வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது. கைக்குட்டைத் துணி கடையினுடையது. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தீர்மானித்தவள் பெத்.

இங்கேதான் நான் விடையின் ஒரு நுனியைப் பிடிக்கிறேன். பிள்ளையிடம் பொருள் இல்லை. நேரம் உண்டா? அதுவும் நாம் மணியடித்துக் கூறுபோட்டதுதான். ஆனால் இன்னொருவரை உற்றுப் பார்க்கும் கவனம் உண்டு. அதை நாம் கொடுக்கவில்லை, பறிக்கவும் முடியாது. கையால் செய்யும் பரிசு அந்தக் கவனம் கண்ணுக்குத் தெரியும் ஓர் உருவம் பெறுவது. எனவே கடதாசி பகிர்வதற்கு முன்னர் நான் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்பேன்: யாருக்கு? அவர் பகல் முழுக்க என்ன செய்கிறார்? இரண்டாவதற்கு விடை தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்த பிள்ளைகள் உண்டு.

இப்போது மேற்கில் பிள்ளைகள் செய்வதில் பெரும்பகுதி மரத்தில் தொங்கவிடவும் சுவரில் மாட்டவுமானது. மாவையும் உப்பையும் பிசைந்து சுட்ட நட்சத்திரம், ஐஸ்கிறீம் குச்சிகளை ஒட்டிய சட்டம், சாயத்தில் தோய்த்த உள்ளங்கைப் பதிவு. கடைகளில் எல்லாத் துண்டுகளும் வெட்டித் தயாராக அடைத்த பெட்டிகளும் வந்துவிட்டன. பிள்ளை செய்ய வேண்டியது எண் பார்த்து ஒட்டுவது மட்டுந்தான். அதைக் கைவேலை என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பழைய வழக்கங்களில் கராம்பு குத்திய தோடம்பழம் இன்னும் இருப்பது ஆறுதல். பழத்தின் தோலில் கராம்பை ஒவ்வொன்றாகக் குத்தி, கறுவாத் தூளில் உருட்டி, சில வாரங்கள் காயவைத்தால் அலுமாரிக்குள் வாசனை நிற்கும். கராம்பும் கறுவாவும் நம் நாட்டில் விளைபவை. ஆனாலும் நமது கரையோரத்து டிசம்பர் மாரியில் அந்தப் பழம் காயாது, பூசணம் பிடிக்கும். எங்கள் பிள்ளைகள் ஈர்க்கிலும் சிப்பியிலும் தென்னோலையிலும் பிரிஸ்டல் போர்டிலும் செய்தார்கள்.

இந்த வேலையில் ஆசிரியர்கள் அதிகம் பேசாத ஒரு பகுதி இரகசியம். மூன்று வாரம் பிள்ளை ஒன்றைத் தாயிடம் மறைத்து வைத்திருக்க வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த மறைப்பெல்லாம் அடிக்குப் பயந்தது: உடைந்த கிளாஸ், தொலைந்த சில்லறை. இதுதான் பயமில்லாத முதலாவது இரகசியம். ஒரு சிறுமி வீட்டில் போய், யாரும் கேட்காமலே, “அம்மா, உங்களுக்கு நான் ஒண்டும் செய்யல்ல” என்று சொல்லியிருக்கிறாள். தாய் மறுநாள் சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். சிறுமி சொன்னது பொய்தான். ஆயினும் எந்த நீதிபதி அதைக் குற்றமென எழுதுவார்?

பெரியவர்கள் சொல்லும் பொய் எனக்கு இன்னும் கடினமானது. கோணலான உறையைக் கையில் வாங்கிய தாய் “எவ்வளவு வடிவு!” என்கிறாள். அது வடிவு இல்லை. அபூதாவூதின் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு தாய் தன் சிறு மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைக்கிறார். வீட்டில் அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் என்று வினவுகிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் அவர்கள் பதில் கூறுகிறார்கள். பிள்ளையிடம் சொல்லும் வார்த்தைக்கும் கணக்கு உண்டு, சிறியவன்தானே என்று தள்ளுபடி இல்லை. அப்படியிருக்க, வடிவில்லாததை வடிவென்று சொல்வது?

நான் கண்ட ஒரு தகப்பனை இங்கே சொல்ல வேண்டும். கடற்றொழில் செய்பவர். மகள் பிரிஸ்டல் போர்டில் தேசிய அடையாள அட்டை வைப்பதற்கு ஓர் உறை செய்து கொடுத்தாள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். “அப்பா ஒண்டுமே சொல்லல்ல சேர்” என்பது அவளுடைய முறைப்பாடு. பெப்ரவரியில் பாடசாலைக்கு வந்த அவர், ஏதோ படிவம் நிரப்புவதற்காகச் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். பொலித்தீன் பைக்குள் அந்த உறை, அதற்குள் அட்டை. கடல் தண்ணீர் படாமல் அவர் பாதுகாத்தது அட்டையையா உறையையா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டைக்குப் பொலித்தீன் மட்டுமே போதும். தாய்மார் சொல்லும் ‘வடிவு’ பொய்யல்ல என்று வாதிட எனக்கு இஷ்டந்தான். ஆனால் அந்த மனிதருக்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி, எனக்கும் உடன் கற்பித்த ஒரு டீச்சருக்கும் நடந்த வாக்குவாதம். என்னைவிட மூத்தவர், ஊரவர், கத்தோலிக்கர், வகுப்பின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின்னர் இருந்து, கோணலாக வெட்டியவற்றை நேராக வெட்டி, பிரிந்ததை மீண்டும் ஒட்டி, ஒவ்வொன்றிலும் மினுமினுப்புத் தூவி வைப்பார். மறுநாள் முப்பத்திரண்டும் ஒரே கையில் பிறந்த பிள்ளைகள் போல இருக்கும். அது திருட்டு என்று நான் சொன்னேன். பிள்ளையிடம் இருந்த ஒன்றையும் எடுத்துவிடுகிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. “சேர், கடன்காரன் வீட்டுப் பிள்ளையின்ர கோணல் வேற, கடைக்காரர் வீட்டுப் பிள்ளையின்ர கோணல் வேற. வீட்டில மூத்த அக்கா இருக்கிற பிள்ளை நேராக் கொண்டு வரும். இல்லாத பிள்ளை வெட்கப்படும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா ஒருத்தருக்கும் வெட்கம் இல்லை” என்றார்.

இதற்கு உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் வகுப்பறையில் நின்றவர்களாக இருக்க முடியாது. வெட்கம் பெரிய சாமான். ஏழைப் பிள்ளையின் கைவேலையை எல்லோர் முன்னாலும் வரிசையில் வைத்துவிட்டுச் சுயவெளிப்பாடு பற்றிப் பேசுவது சுலபம். நான் யோசித்து வந்து சேர்ந்த இடம் இது: கோணல்களில் இரண்டு வகை உண்டு. முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஈரத்தில் ஊறிய கடதாசி, தண்ணீராய்ப் போன பசை ஆகியவற்றால் வரும் கோணல் பிள்ளையினுடையதல்ல, அது வறுமையினுடையது. அதை நீக்குவது நம் கடமை, ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்னர் நீக்க வேண்டும். நல்ல கத்தரிக்கோல் எல்லோருக்கும், பழக இரண்டாவது தாள் எல்லோருக்கும். அதன் பின்னரும் வருகிற கோணல் பிள்ளையின் கையெழுத்து, அதைத் தொடக்கூடாது. டீச்சர் பாதியை ஏற்றுக்கொண்டார். எட்டுக் கத்தரிக்கோல்களைச் சாணை பிடிக்க அவருடைய மகன்தான் கொண்டுபோனான். மினுமினுப்பை மட்டும் அவர் விடவில்லை.

2012ஆம் ஆண்டு நத்தாருக்கு முன்னர் வாக்குவாதம் மறுபடி வந்தது. மூன்றாம் தரத்தில் ஒரு பையன். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் இரண்டு வருடம் கழிந்திருந்தது. அம்மம்மாவிடம் வளர்ந்தான். யாருக்கு என்று கேட்டேன், அம்மாவுக்கு என்றான். பகல் முழுக்க அம்மா என்ன செய்கிறார் என்ற கேள்வியை அவனிடம் கேட்கவில்லை. அவன் பிரிஸ்டல் போர்டைத் தரையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை அதன் மேல் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்தான். வெட்டி எடுத்தான். உள்ளே நீலம் தீட்டினான். வேறொன்றும் செய்ய மறுத்துவிட்டான்.

டீச்சருக்கு மனம் நொந்துவிட்டது. மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் செருப்பு வாங்கி அனுப்புவதற்குப் பிள்ளையின் கால் அளவைக் கேட்டு எழுதுவதும், வீட்டார் கடதாசியில் கால் வைத்து வரைந்து அனுப்புவதும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். “இது கொடுக்கிறது இல்ல சேர், கேட்கிறது. நத்தாருக்கு அவன் தாயிட்டச் செருப்புக் கேட்கிறான். வேற ஏதாவது செய்ய வையுங்க. ஒரு நட்சத்திரமாவது” என்றார்.

நான் கால் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு கோடு இருந்தது. இது என்ன என்று கேட்டேன். “சிப்பி வெட்டினது சேர். இப்ப மாறிற்றுது” என்றான்.

செருப்பு வாங்குவதற்கு அந்தக் கோடு தேவையில்லை. அளவைப் பெட்டியில் போடலாம், தழும்பைப் போட முடியாது. இரண்டு வருடமாக அந்தக் காலைக் கழுவிவிடாத ஒருத்திக்கு, கால் எவ்வளவு வளர்ந்தது, எங்கே வெட்டுப்பட்டது, அது ஆறிவிட்டது என்று மூன்று செய்தி போகிறது. மேற்கில் சாயத்தில் கை தோய்த்து வைக்கும் பதிவுகளைச் சற்று முன்னர் நான் அலட்சியமாகச் சொன்னேன் அல்லவா. அவற்றுக்கும் இந்த ஒரு நியாயம் இருக்கிறது. அடுத்த நத்தாருக்கு அந்தக் கை அந்த அளவில் இருக்காது.

ஆனால் டீச்சர் சொன்னதையும் முற்றாகத் தள்ளிவிட எனக்கு முடியவில்லை. அவன் கேட்கவும்தான் செய்தான். கேட்பதும் கொடுப்பதும் எதிரெதிர் என்று நாம் ஏன் எண்ணிக்கொள்கிறோம்? ரோமாபுரியின் செனெக்கா முதலாம் நூற்றாண்டில் நன்மை செய்தல் பற்றி எழுதிய நூலில், பிள்ளை பெற்றோரிடம் பெற்றதைவிட அதிகமாகப் பெற்றோருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்கிறார். அவர் காட்டும் உதாரணம் எரியும் திரோய் நகரிலிருந்து தகப்பனைத் தோளில் சுமந்து சென்ற ஈனியஸ் போன்ற வளர்ந்த மகன்மார். தோள் வலிமை வரும் வரை பிள்ளை கடனாளியாகவே இருக்கும் போலும். மூன்றாம் தரத்துப் பையனின் கணக்கு அவருடைய ஏட்டில் இல்லை. அந்தத் தாய் பிறருடைய பிள்ளைகளின் சட்டைகளைத் தோய்க்கிறாள், பிறருடைய பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். மாதாமாதம் அவள் அனுப்பும் காசு அம்மம்மாவின் பெயருக்கு வருகிறது. அரிசிக் கடைக்கும் அடகுக் கடைக்கும் போகிறது. மகனின் காலுக்கு அவளே பார்த்து, அவளே தெரிந்து, ஒரு செருப்பு வாங்குவது அவளுக்கு மிச்சமிருந்த தாய்மை வேலைகளில் ஒன்று. அந்த வேலையை அவளுக்கு யாரால் கொடுக்க முடியும்? அந்தக் காலின் சொந்தக்காரனால் மட்டுந்தான்.

இதையெல்லாம் அன்று நான் இப்படிக் கோர்வையாகச் சொல்லவில்லை. தழும்பைக் காட்டினேன், அவ்வளவுதான். டீச்சர் அட்டையை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சிறிது நேரம் பார்த்தார். “என்ன சொன்னாலும் இது கேட்கிறதுதான்” என்றார். பிறகு, கால் நீளமாக இருந்ததால் சாதாரணக் கடிதவுறைக்குள் போகாதே என்று கவலைப்பட்டார். குதிக்கால் பக்கம் மடிக்கலாம் என்றேன். மடிந்தால் அளவு பிழைத்துவிடும் என்று பையன் விடவில்லை. கடைசியில் அதிபரின் அறையிலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறை கிடைத்தது. விமானத் தபாலுக்கு எவ்வளவு முத்திரை என்று தபாற்கந்தோரில் கேட்டு வந்ததும் டீச்சர்தான். மினுமினுப்புத் தூவட்டுமா என்று அவர் கேட்டதற்குப் பையன் கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் மட்டும் போடச் சொன்னான்.